சியோல், துபாய், லண்டன்: கரும்புக் காட்டிலிருந்து கிளம்பும் ஆசிரியருக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், உம்சிண்டோ, ஸ்டாங்கர், டார்னால் பக்கத்துக் கரும்புத் தோட்ட ஊர்களில் ஆசிரியர் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அரசுப் பள்ளியில் நிரந்தர இடம் குதிரைக்கொம்பாகிவிட்டது. மேற்கு கேப் மாகாணம் 2025 ஜனவரியிலிருந்து 2,407 ஆசிரியர் பணியிடங்களைக் குறைத்தது. நம் குவாசூலு-நேட்டாலிலும் கல்வித்துறையைக் கேட்டால் பணமில்லை என்ற பாட்டுதான். பள்ளி நிர்வாகக் குழு தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் தற்காலிக வேலை கிடைத்தாலே பெரிது. அதுவும் டிசம்பரோடு முடிந்துவிடும்.

அதனால் வெளிநாட்டு ஆசிரியர் வேலை என்று கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் மூன்று ஊர்ப் பெயர்கள் அடிபடுகின்றன: சியோல், துபாய், லண்டன். அபுதாபியைத் துபாயோடு சேர்த்தே பேசுகிறேன். ஆசிரியருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லோரும் முதலில் செய்வது, அங்கத்திய சம்பளத்தை ராண்டில் பெருக்கிப் பார்ப்பது. நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டை. தங்குவதற்கு இடம் யார் தருகிறார்கள்? பள்ளியா, நீங்களா? டர்பன் நகரத்துப் பிள்ளைக்கு வேலை பார்க்கும் பெற்றோர், கடன் தரும் வங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு சித்தப்பா என்று ஏதாவது பிடிமானம் இருக்கும். தோட்டத்து ஊரிலிருந்து போகிறவருக்கு முதல் சம்பளம் கைக்கு வரும்வரை உள்ள ஆறு வாரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அந்த ஆறு வாரத்தில் கையிருப்பைக் கரைத்துவிட்டுக் கடனோடு தொடங்கினால், முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கடனுக்குத்தான் உழைக்க வேண்டும்.

ஊர்களை ஒப்பிடும் முன் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்காண்டு பி.எட். பட்டமோ, பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஆசிரியர் பயிற்சியோ முடித்து, தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றத்தில் பதிவும் செய்தவரா? அல்லது வெறும் இளங்கலைப் பட்டம் மட்டுமா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகையில் படித்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எத்தனை ஆண்டு பணம் வாங்கினீர்களோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். பாதியில் கிளம்பினால் உதவித்தொகை வட்டியோடு கூடிய கடனாக மாறிவிடும். இதை முடித்துக்கொள்ளாமல் விசா பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதலில் கொரியா. பட்டம் மட்டும் உள்ளவர்களுக்கு மூன்றில் திறந்திருக்கும் கதவு இதுதான். கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் கிடைக்கும். அவற்றில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். அரசுப் பள்ளித் திட்டமான எபிக்கில் சேர, கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ இல்லாதவர்கள் குறைந்தது 100 மணி நேர ஆங்கிலப் பயிற்றுமுறைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சம்பளம் மாதம் 20 இலட்சம் வோனுக்குச் சற்று மேலே தொடங்குகிறது. கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தோன்றும். மாற்றிப் பார்த்தால் நம் நாட்டுத் தொடக்க நிலை ஆசிரியர் சம்பளத்திலிருந்து வெகுதூரம் இல்லை. பள்ளியே தரும் வாடகையில்லாத ஓர் அறை வீடுதான் இதில் உள்ள இலாபம். கட்டில், அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உள்ளேயே இருக்கும். மின்சாரமும் எரிவாயுவும் மட்டும் உங்கள் செலவு. ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். வாரத்துக்கு 22 பாடவேளை. வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவரும் கூடவே இருப்பார். மீதி நேரம் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: எபிக்கில் பயணப்படி போய்ச் சேர்ந்த பிறகுதான் தருவார்கள். விமான டிக்கெட் முதலில் உங்கள் பணம்.

தனியார் பயிற்சி நிலையங்களை அங்கே ஹாக்வோன் என்கிறார்கள். அவர்களில் பலர் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துத் தருவார்கள். ஆனால் பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் இடம் அது. ஆகவே வேலை பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீளும், விடுமுறையும் குறைவு. விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், இடம் மாற வேண்டுமென்றால் அவரே விடுவித்துக் கடிதம் தர வேண்டும். ஹாக்வோனில் நல்ல இடங்களும் உண்டுதான். எது நல்லது என்பதை உம்சிண்டோவில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது என்பதால், முதல் ஆண்டுக்கு நான் அரசுப் பள்ளியையே சொல்வேன்.

சியோலுக்குப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. விண்ணப்பத்தில் விரும்பும் நகரத்தைக் குறிக்கலாம், அதுவே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சியோலில் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். என் தம்பி மகள் சியோல் என்று எழுதிக் கொடுத்தாள். போய் இறங்கியது தென் ஜொல்லா மாகாணத்தில், நெல் வயலுக்கு நடுவே இருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில். வாரத்தில் இரண்டு நாள் வேறொரு பள்ளிக்கும் பஸ் ஏற வேண்டும். கரும்பை விட்டுவிட்டு நெல்லுக்குப் போனாள் என்று வீட்டில் கேலி செய்தோம். ஆனால் அவளால்தான் அங்கே சட்டென்று ஒட்ட முடிந்தது. தெருவில் போகிற கிழவிகளுக்கு வணக்கம் சொல்லத் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர் தோட்டத்து முள்ளங்கியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது, பதிலுக்கு எதையாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பெருநகரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் பூசானையும் யோசிக்கலாம். துறைமுக நகரம், கடற்கரை உண்டு. டர்பன்காரருக்குக் கண் பழகும். எப்படியும் சியோல்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறவர், பெரும்பாலும் ஹாக்வோனில்தான் போய்ச் சேருவார்.

கொரியாவுக்கு வேண்டிய தாள்களில் ஒன்று ஊர்ப்பிள்ளைகளுக்கு மட்டும் தொல்லை தரும். ஏழாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஆங்கில வழியில்தான் படித்தேன் என்று தென்னாப்பிரிக்கர்கள் நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் ஏழாம் வகுப்பு தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு. ஆகவே உயர்நிலைப் பள்ளியின் கடிதம் மட்டும் போதாது. தொடக்கப்பள்ளியின் கடிதமும் வேண்டும். எஸ்டேட் பள்ளி மூடப்பட்டுவிட்டிருந்தால், அந்தப் பள்ளியின் பதிவேடு எங்கே போயிற்று என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில்தான் தேட வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் நம் வீடுகளில் புரட்டாசி மாதத்தில் அடுப்பில் இறைச்சி ஏறாது. கொரியப் பள்ளியில் மதிய உணவுத் தட்டில் சோறு, ஒரு சூப், கிம்ச்சி, இரண்டு தொடுகறி இருக்கும். பார்த்தால் முட்டைக்கோசும் கீரையுமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சூப்பின் அடிநீரில் நெத்திலி, கிம்ச்சியில் இறால் ஊறல் அல்லது மீன் சாறு. தம்பி மகள் முதல் புரட்டாசியில் வெறும் சோற்றையும் கடற்பாசித் தாளையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு கூடப் பணிபுரியும் ஆசிரியையிடம் சொல்லி, சமையற்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கினாள். இரவில் பருப்பு வேகவைத்து மறுநாளுக்கு டப்பாவில் எடுத்துப் போனாள். சியோல் இதேவோனில் இருக்கும் கடைகளில் பருப்பும் மசாலாவும் கிடைக்கும், அஞ்சலிலும் வரும். கறிவேப்பிலைச் செடியைப் பற்றிக் கனவு காணாதீர்கள். சியோல் ஜனவரியில் பத்து டிகிரி பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

அடுத்து வளைகுடா. பணம் சேர்க்க வேண்டும், வீட்டுக்கடன் அடைக்க வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் நடத்த வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. வெளிநாட்டு ஆசிரியரை எடுக்கும் பள்ளிகள் பொதுவாக வீடு அல்லது வீட்டுப்படி, ஆண்டுக்கொரு டிக்கெட், மருத்துவக் காப்பீடு மூன்றையும் சேர்த்தே பேசும். டர்பனிலிருந்து எமிரேட்ஸ் விமானம் நேராகத் துபாய்க்குப் போகிறது. ஜோகன்னஸ்பர்க் போய் மாற வேண்டியதில்லை. ஆனால் வெறும் பட்டமும் 100 மணி நேரச் சான்றிதழும் இங்கே எடுபடாது. பி.எட். அல்லது அதற்கு இணையான பயிற்சி வேண்டும், பெரும்பாலான பள்ளிகள் இரண்டாண்டு அனுபவமும் கேட்கும். அந்த இரண்டாண்டை எங்கே தேடுவது என்பதுதான் நம் பிள்ளைகளின் சிக்கல். நிர்வாகக் குழு வேலையும் அனுபவம்தான். நியமனக் கடிதத்தையும் தலைமையாசிரியர் கையெழுத்தையும் ஒவ்வொரு ஆண்டும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தில் விரலை வைத்துப் படியுங்கள். முதலாவது, சம்பளம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது. மொத்தச் சம்பளம் பெரிதாகத் தெரியும். அடிப்படையைச் சுருக்கிப் படிகளைப் பெருக்கியிருந்தால், கடைசியில் கைக்கு வரும் தொகையும் சுருங்கும். இரண்டாவது, வீடு தனியா, இன்னொருவருடன் பகிர்வதா, படியாகத் தருவதா என்பது. படி என்றால் வாடகை முன்பணம் உங்கள் தலையில் விழும். நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஆறு வாரக் கஷ்டம் இங்கேயும் வந்துவிடும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளையே முதலில் பாருங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் சம்பளம் வெகுவாகக் குறைவு.

துபாயில் தமிழுக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஜெபல் அலியில் 2022-இல் புதிய இந்துக் கோயிலும் திறந்தார்கள். வீட்டைக் கலங்க வைக்கும் விஷயம் வேறு. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. அனுமதி பெற்ற வேறு செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆயாவுக்கு வாட்ஸ்அப்பில் பச்சைப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுக்கவே நமக்கு ஓராண்டு ஆனது. கிளம்பும் முன்பே புதிய செயலியை வீட்டில் உள்ள எல்லார் கைப்பேசியிலும் ஏற்றிப் பழக்கிவிட்டுப் போங்கள். நேர வித்தியாசம் இரண்டு மணிதான். சியோலுக்கோ ஏழு மணி. நீங்கள் வேலை முடித்து உட்காரும்போது இங்கே காலை பதினொன்று, வீட்டில் பேச ஆளிருக்காது.

லண்டன் கதை வேறு. மூன்றில் சம்பளம் அதிகம் தெரிவதும் இங்கேதான், தொடக்கச் செலவு அதிகம் விழுங்குவதும் இங்கேதான். உள் லண்டனில் புதிய ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 2024-25 கல்வியாண்டில் 38,766 பவுண்ட். ஆனால் அது முழுத் தகுதி பெற்ற ஆசிரியருக்கு. 2023 பிப்ரவரியிலிருந்து தென்னாப்பிரிக்க ஆசிரியர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதியை நேரடியாகக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணமும் இல்லை. கணிதம், அறிவியல், வெளிநாட்டு மொழிகள் ஆகியவற்றை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த வழி. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் ஆங்கில ஆசிரியருக்கும் இல்லை. அவர்கள் வெளிநாட்டில் பயின்ற ஆசிரியர் என்ற பெயரில் நான்காண்டு வரை தகுதியில்லாமலே வேலை பார்க்கலாம், குறைந்த சம்பளத்தில்.

செலவைப் பாருங்கள். விசாவோடு கட்ட வேண்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட். மூன்றாண்டு விசாவுக்கு 3,105 பவுண்டையும் ஒரே தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஏறக்குறைய 70,000 ராண்ட். விசாக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை, டிக்கெட் எல்லாம் தனி. பள்ளி பொறுப்பேற்காவிட்டால் 1,270 பவுண்ட் 28 நாள் உங்கள் கணக்கில் இருந்தாக வேண்டும். போய் இறங்கினால் வீடு கிடையாது. பிணைத்தொகையாக ஐந்து வார வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதோடு முதல் மாத வாடகையும் சேரும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது பங்கு வீட்டில் ஓர் அறை. இது நம் ஊர்ச் சின்ன விவசாயி ஒருவர் ஒரு பருவத்துக் கரும்பை விற்றாலும் எட்டாத தொகையாக இருக்கலாம்.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் ஒன்று உண்டு. கொரியா நம்மை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று ஏற்றுக்கொள்கிறது. இங்கிலாந்தின் விசா விதிகளில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. ஆங்கிலம் தெரியும் என்பதற்குத் தேர்வெழுதவோ, பட்டத்தை ஆங்கிலத்தில் படித்ததற்கு அங்கீகாரம் வாங்கவோ வேண்டும். 1860-இல் நம் முன்னோரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஆங்கிலேயர்கள் அப்போது எந்தத் தேர்வும் வைக்கவில்லை.

ஆனாலும் லண்டனுக்கு ஒன்று இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லாதது: குடும்பத்தோடு நிலைத்து வாழ வழி. 2025-இல் இருந்த விதிப்படி ஐந்தாண்டில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். அந்த ஆண்டு மே மாதம் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பத்தாண்டாக்க முன்மொழிந்தது, ஆகவே இதை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் விதியை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஹைகேட் முருகன் கோயிலும் ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவும் இருக்கும்போது தைப்பூசத்துக்கோ முருங்கைக்காய்க்கோ கவலையில்லை. அங்கே கோயிலில் அதிகம் இருப்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் தமிழில் கேட்பார்கள், நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அந்தச் சங்கடத்தை அவரவர் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாங்காக்கும் ஹோ சி மின் நகரமும்? வாழ்க்கைச் செலவு குறைவு, சம்பளமும் குறைவு. வீடு பொதுவாகத் தரமாட்டார்கள். தாய்லாந்தில் தொடர்ந்து கற்பிக்க ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக விலக்கோ வேண்டும். உலகம் பார்க்கப் போகிறவருக்குச் சரி. வீட்டுக்குப் பணம் அனுப்பப் போகிறவருக்கு அல்ல.

வரி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் துபாயில் வரி இல்லை என்பதை இங்கேயும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் வதிவாளராக நீடிக்கும்வரை வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளிநாட்டில் வேலை செய்து, அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்தில் முதல் 12 இலட்சத்து 50 ஆயிரம் ராண்டுக்கு வரிவிலக்கு உண்டு. 2020 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. சாதாரண ஆசிரியர் சம்பளம் இந்த வரம்பைத் தாண்டாது. ஆனாலும் கணக்கு தாக்கல் செய்யாமல் இருக்கக் கூடாது.

நான் சொல்வது இப்படி. பட்டம் மட்டும் உள்ள, கையில் பணமில்லாத இளைஞருக்குக் கொரிய அரசுப் பள்ளி. சியோல் என்று அடம்பிடிக்காமல். பயிற்சியும் இரண்டாண்டு அனுபவமும் உள்ள, வீட்டில் கடனும் உள்ளவருக்கு வளைகுடா. கணித, அறிவியல் ஆசிரியராகவும் இருந்து, துபாயில் இரண்டு மூன்று ஆண்டு சேர்த்த பணமும் இருந்தால் அப்போது லண்டன். ஊரிலிருந்து நேரே லண்டனுக்கு ஏறுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இங்கே நிரந்தர அரசு வேலையில் இருப்பவர் எதற்காகவும் அதை விடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த இடம் காலியாக இருக்காது.

கடைசியாகக் காலக்கணக்கு. நம் பள்ளியாண்டு டிசம்பரில் முடிகிறது. கொரியப் பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்குவதால், ஆசிரியர்களைப் பிப்ரவரியில் வரச் சொல்வார்கள். தற்காலிக வேலை முடிந்து அப்படியே கிளம்பலாம். துபாய்க்கு ஆகஸ்ட் கடைசி, லண்டனுக்குச் செப்டம்பர். டிசம்பரில் வேலை முடிந்தவர் இந்த இரண்டுக்கும் எட்டு மாதம் சம்பளமில்லாமல் இருக்க நேரும். ஜூன் வரையாவது ஒரு மாற்று ஆசிரியர் வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரிப் பயணத்துக்கு எபிக் விண்ணப்பம் முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். காவல்துறைச் சான்றிதழை ரொம்ப முன்னதாக வாங்கினால் பழையது என்று தள்ளிவிடுவார்கள், அதைக் கடைசியில் வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் அப்படியல்ல. உயர்கல்வித் துறையின் சரிபார்ப்பு, பிறகு பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையின் முத்திரை என்று இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். கொரியாவுக்கு அந்தத் துறை தரும் அப்போஸ்டில் என்ற முத்திரையோடு முடிந்தது, துபாய்க்கு அப்போஸ்டிலுக்குப் பதில் அதே துறையின் வேறு சான்றொப்பமும், அதற்கு மேல் ஐக்கிய அரபு அமீரகத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். உயர்கல்வித் துறைச் சரிபார்ப்பு இரண்டு ஊருக்கும் பொது என்பதால், எங்கே போவது என்று வீட்டில் முடிவாகும் முன்பே அதற்கு அனுப்பிவிடலாம்.